வெளியே வெயில், உள்ளே இருட்டு: கறுப்பு வெள்ளை ஃபிலிமில் கான்ட்ராஸ்டை எந்த இடத்தில் பிடிப்பது?

கடற்கரைக்கல் | செவ்வாய், இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். ஒன்றரை ஆண்டுகளாக 35 மி.மீ. கேமராவில் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்து, சென்னையில் வீட்டுக் குளியலறையிலேயே ஃபிலிம் கழுவி (டெவலப் செய்து) வருகிறேன். தெருக்காட்சிகளிலும் மேகமூட்டமான நாள்களிலும் பெரிய குறை தெரிந்ததில்லை. ஆனால் சென்ற மாதம் மாமல்லபுரம் வராக மண்டபத்தில் எடுத்த ஒரு ரோல் முழுவதும் கைவிட்டுப் போனது. நண்பகல் தாண்டிய நேரம். முன்வரிசைச் சிங்கத் தூண்களின் மேல் வெயில் விழுந்திருந்தது. உள்ளே, வராகர் பூதேவியைத் தாங்கி நிற்கும் சிற்பத் தொகுதி நிழலில் இருந்தது. என் கண்ணுக்கு இரண்டுமே தெளிவாகத் தெரிந்தன. பிரிண்டிலோ தூண்கள் வெறும் வெள்ளைக் கம்பங்களாகவும் உட்சுவர் ஒரே கறுப்பாகவும் வந்திருக்கின்றன. நண்பர் ஒருவரின் என்லார்ஜரில் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் அச்சிடும் கருவி) தாளின் கடினத்தை மென்மையான கிரேடு 1 வரை இறக்கிப் பார்த்தும் பயனில்லை.

விவரங்கள்: இல்ஃபோர்டின் ஹெச்பி5 பிளஸ் ஃபிலிம், ஐஎஸ்ஓ 400, கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் காட்டியபடி 1/250, எஃப் 8. டெவலப்பர் ஐடி-11, 1+1 கலவை (ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர்), இல்ஃபோர்டு அட்டவணைப்படி 20 டிகிரியில் 13 நிமிடம். பனிக்கட்டி வைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே டேங்கில் ஊற்றினேன். கோளாறு எடுத்ததிலா, கழுவியதிலா என்பதையாவது தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இருட்டறை | செவ்வாய், இரவு 10.25

தம்பி, பிரிண்டை ஓரமாக வைத்துவிட்டு நெகட்டிவை எடுங்கள். ஒரு செய்தித்தாளை மேசையில் விரித்து, நெகட்டிவின் பளபளப்பான பக்கம் மேலே இருக்கும்படி எழுத்துகளின் மேல் படிய வையுங்கள். தூண் இருக்கும் கெட்டியான பகுதி வழியாகக் கீழே இருக்கும் எழுத்தை மங்கலாகவேனும் படிக்க முடிகிறதா? அடுத்து, சிற்பம் இருக்கும் இடத்தில் கோடு ஏதும் தெரிகிறதா, அல்லது அந்த இடம் ஃபிலிமின் ஓரத்தைப் போலவே கண்ணாடியாக இருக்கிறதா? மூன்றாவதாக, ஓரத்தில் கம்பெனி அச்சிட்ட பெயரும் எண்களும் எந்த அளவு கறுப்பாக இருக்கின்றன? இந்த மூன்றையும் பார்த்துச் சொன்னால் பாதி விடை கிடைத்துவிடும். நான் கடை நடத்திய காலத்தில் மீட்டரை நம்பியதைவிட இந்தச் செய்தித்தாளைத்தான் அதிகம் நம்பினேன்.

கடற்கரைக்கல் | புதன், காலை 7.05

பார்த்தேன் ஐயா. தூண் வழியாக எழுத்து அறவே தெரியவில்லை. சிற்பத்தின் இடத்தில் வராகரின் தோள்பட்டை ஓரம் மட்டும் ஒரு நூலிழை போலத் தெரிகிறது, மற்றதெல்லாம் கண்ணாடி. ஓர எண்கள் நல்ல கறுப்பு. என்னிடம் உள்ள பழைய ரோல்களோடு ஒப்பிட்டால் இதில் கூடுதல் கறுப்பாகவே இருக்கின்றன.

இருட்டறை | புதன், காலை 8.40

அப்படியானால் கோளாறு இரண்டு. இரண்டும் ஒரே ரோலில் சேர்ந்துவிட்டன. ஓர எண்களுக்கான ஒளி தொழிற்சாலையிலேயே கொடுக்கப்படுவது. நீங்கள் ஷட்டரை எப்படி வைத்தீர்கள் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. டேங்குக்குள் நடந்ததை மட்டுமே அது சொல்லும். எண்கள் வழக்கத்தைவிடக் கறுத்திருப்பதால் ஃபிலிம் அதிகமாகக் கழுவப்பட்டிருக்கிறது. அத்தனை கழுவியும் சிற்பத்தில் ஒன்றும் வரவில்லை என்றால், அந்த இடத்துக்கு ஒளியே போதவில்லை. நிழலுக்குக் கொடுக்காத ஒளியை டெவலப்பரால் கொண்டுவர முடியாது. கழுவும் நேரத்தைக் கூட்டினால் கெட்டியாக இருப்பது மேலும் கெட்டியாகுமே தவிர, வெறுமையாக இருப்பது நிரம்பாது.

20 டிகிரியில் ஊற்றினேன் என்கிறீர்கள். கழுவி முடித்து வெளியே கொட்டியபோது எத்தனை டிகிரி இருந்தது? அறை எத்தனை டிகிரி? டேங்க் ஸ்டீலா, பிளாஸ்டிக்கா?

கடற்கரைக்கல் | புதன், காலை 9.15

வெளியே கொட்டிய பிறகு அளந்ததே இல்லை. டேங்க் ஸ்டீல். அறை 33 டிகிரி இருக்கும். இன்று இரவு வெறும் தண்ணீரை ஊற்றிச் சோதித்துச் சொல்கிறேன்.

வேதியியல்_ஆசிரியர் | புதன், மாலை 6.30

ஐயா சொன்னதன் காரணத்தைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். ஒளி பட்ட வெள்ளி ஹாலைடு மணிகளைத்தான் டெவலப்பர் உலோக வெள்ளியாக மாற்றுகிறது. நிழற்பகுதியில் அப்படிப்பட்ட மணிகள் குறைவு. ஆகவே அங்கே நடக்க வேண்டிய வேலையில் பெரும்பங்கு முதல் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடுகிறது. வெயில் பட்ட பகுதியில் மணிகள் ஏராளம். டேங்கில் ஃபிலிம் இருக்கும் ஒவ்வொரு கூடுதல் நிமிடமும் அங்கே அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். இதனால் நேரத்தை நீட்டும்போது வரைகோட்டின் அடிப்பகுதி ஏறத்தாழ அதே இடத்தில் நிற்க, மேற்பகுதி மட்டும் செங்குத்தாக நிமிர்கிறது. அந்தச் சாய்வைத்தான் நாம் கான்ட்ராஸ்ட் என்கிறோம். ஒளிக்கும் அடர்த்திக்கும் இடையிலான இந்த வரைகோட்டை ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இருவர் இங்கிலாந்தில் 1890இல் வெளியிட்டார்கள். 1939–40 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸில் ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் வகுத்த ஸோன் முறை (முழுக்கறுப்பை 0, நடுச்சாம்பலை 5, முழுவெள்ளையை 10 என எண்ணி, ஸோனுக்கு ஒரு ஸ்டாப் எனப் பிரிப்பது; ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பது அல்லது பாதியாவது), இதே வரைகோட்டைக் களத்தில் நிற்கும் புகைப்படக்காரர் பயன்படுத்தும்படி எளிமையாக்கியது. ‘நிழலுக்கு ஒளி கொடு, வெளிச்சத்துக்குக் கழுவு’ என்று எல்லோரும் சொல்வதன் உள்ளடக்கம் இவ்வளவுதான்.

வெப்பநிலையைப் பொறுத்தவரை, இல்ஃபோர்டு தன் தாள்களில் தரும் எடுத்துக்காட்டு நினைவில் வைக்கத் தக்கது: 20 டிகிரியில் 4 நிமிடம் என்றால் 23 டிகிரியில் 3 நிமிடம், 16 டிகிரியில் 6 நிமிடம். டிகிரிக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் 13 நிமிடம் 24 டிகிரியில் 9 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்திருக்க வேண்டும்.

நிலாமுற்றம் | புதன், இரவு 8.50

பிரிண்ட் போடுபவளாக ஒன்றைக் கேட்கிறேன். உங்கள் நண்பரின் என்லார்ஜர் கண்டென்சர் வகையா, டிஃப்யூசர் வகையா? கண்டென்சர் வகையில் ஒளி நேர்க்கற்றையாக வருவதால் நெகட்டிவின் கெட்டியான பகுதியில் உள்ள வெள்ளி அதைச் சிதறடித்துவிடுகிறது. ஆகவே அதே நெகட்டிவ் ஒளியைப் பரவலாக்கும் டிஃப்யூசரைவிட ஏறக்குறைய ஒரு கிரேடு கடினமாக அச்சாகும். கண்டென்சர் வைத்திருப்பவர்கள் நெகட்டிவையே கொஞ்சம் மென்மையாகக் கழுவிக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லாமல் நிமிடக் கணக்கை மட்டும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வதால்தான், ஒருவருக்குச் சரியாக வந்த நேரம் இன்னொருவருக்கு வருவதில்லை.

கடற்கரைக்கல் | புதன், இரவு 10.40

அக்கா, அது கண்டென்சர்தான். அந்த வேறுபாடு எனக்குத் தெரியாது.

ஐயா, சோதனை செய்தேன். 20 டிகிரித் தண்ணீரை ஊற்றி, வழக்கம்போல் கவிழ்த்துக் கவிழ்த்து 13 நிமிடம் கழித்துக் கொட்டினால் 27 டிகிரி. நான்காவது நிமிடத்திலேயே 24 ஆகிவிடுகிறது. டேங்கைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இருட்டறை | வியாழன், காலை 6.50

உங்கள் வெயிலில் பாதி அந்த டேங்குக்குள்தான் இருந்திருக்கிறது. நம் ஊரில் 20 டிகிரியைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். 24 டிகிரியை வீட்டு அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கழுவும் நேரம் முழுவதும் அந்த அளவில் நிறுத்துவது எளிது. ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பனிக்கட்டியை உறையோடு போட்டு 23½க்குக் கொண்டுவாருங்கள். டெவலப்பர், ஸ்டாப் பாத் (கழுவுதலை நிறுத்தும் கரைசல்), ஃபிக்ஸர் (படத்தை நிலைப்படுத்தும் கரைசல்), ஃபிலிம் ஏற்றிய டேங்க் ஆகிய நான்கும் அதில் அரை மணி நேரம் உட்காரட்டும். டெவலப்பரை மட்டும் குளிர்வித்துவிட்டுச் சுடுகிற டேங்கில் ஊற்றுவதுதான் பலரும் செய்வது. கவிழ்க்கும் அந்தப் பத்து விநாடி தவிர மற்ற நேரமெல்லாம் டேங்க் தொட்டித் தண்ணீருக்குள்ளேயே நிற்க வேண்டும். கடைசியில் அலசும் தண்ணீரும் மிகவும் விலகிப் போகக் கூடாது. 24இலிருந்து நேரே 33 டிகிரிக் குழாய்த் தண்ணீருக்குப் போனால் ஜெலட்டின் ஊதி மென்மையாகிவிடும், நகம் பட்டால் வழன்று வரும்.

ஒரு நினைவு வருகிறது. உதகை இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ தாள் எங்கள் கடையில் மென்மை, நடுத்தரம், கடினம் என்று தனித்தனிப் பெட்டியில் இருக்கும். சித்திரை, வைகாசியில் மென்மைப் பெட்டிதான் முதலில் தீரும். வாடிக்கையாளர்களின் முகம் மாறிவிட்டதா என்று என் முதலாளி கேட்பார். முகம் மாறவில்லை, தண்ணீர் சூடேறியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு கோடைகள் ஆயின.

பிக்சல்_பயணி | வியாழன், காலை 11.20

மாற்றுக் கருத்து ஒன்றை முன்வைக்கிறேன். இன்று பெரும்பாலானோர் ஸ்கேன்தான் செய்கிறோம். கான்ட்ராஸ்ட் குறைவான, மெலிந்த நெகட்டிவை ஸ்கேன் செய்து, கணினியில் வளைகோட்டை இழுத்துக்கொண்டால் போதுமானது. இத்தனை நிமிடக் கணக்கும் கிரேடு கணக்கும் தேவைதானா என்று எண்ணுகிறேன்.

நிலாமுற்றம் | வியாழன், பிற்பகல் 1.05

ஒரு பாதியை ஒப்புக்கொள்கிறேன் நண்பரே. ஸ்கேனருக்கு மென்மையான நெகட்டிவ் நல்லதுதான். கெட்டிப் பகுதியை ஊடுருவ அது திணறும்போது இரைச்சல் புள்ளிகள் வருகின்றன. ஆனால் ‘மெலிந்த’ என்ற சொல்லை நீங்கள் இரண்டு பொருளில் கலக்கிறீர்கள். குறைவாகக் கழுவியதால் மெலிந்த நெகட்டிவில் சிற்பத்தின் விரல் இருக்கும். குறைவாக ஒளி கொடுத்ததால் மெலிந்த நெகட்டிவில் அது இருக்காது. முன்னதைக் கணினியும் மீட்கும், கிரேடு 3½ தாளும் மீட்கும். பின்னதை இரண்டுமே மீட்காது. கடற்கரைக்கல்லின் படத்தில் வராகரின் தோள் ஓரம் மட்டும்தான் ஃபிலிமில் இருக்கிறது. ஆகவே நீங்கள் ஸ்கேன் செய்பவராக இருந்தாலும் மீட்டர் பார்க்கும் வேலையிலிருந்து விடுதலை இல்லை. மாறுவது கழுவும் நேரம் மட்டுமே.

கொடை_மேகம் | வியாழன், இரவு 9.30

மீட்டர் பற்றி யாரும் விரிவாகப் பேசாததால் எழுதுகிறேன். நான் கொடைக்கானலில் நடுத்தர ஃபார்மட்டில் எடுப்பவன். குளிர்ந்த தண்ணீர் கிடைப்பதால் டேங்க் விஷயத்தில் எனக்குத் தொல்லை குறைவு. ஆனால் மாமல்லபுரத்துக்கு ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரோடு பலமுறை சென்றிருக்கிறேன். வராக மண்டபத்தில் பிற்பகல் ஒரு மணிவாக்கில் மீட்டரை ஐஎஸ்ஓ 200இல் வைத்து நான் எடுத்த குறிப்புகள் இவை: உட்சுவர்ச் சிற்பத்தின் நிழற்பகுதி இ.வி. (ஒளி அளவெண்; ஒன்று கூடினால் ஒரு ஸ்டாப்) 9; வெயில் பட்ட தூணின் கருங்கல் 15; வாசலில் நின்ற ஒருவரின் வெள்ளை வேட்டி 16½.

கேமரா மீட்டர் இவற்றையெல்லாம் கலந்து நடுவில் ஒரு எண்ணைக் கொடுக்கும். உங்கள் 1/250, எஃப் 8 என்பது இ.வி. 14. ஐஎஸ்ஓ 400இல் அந்தச் சிற்பம் 10 என்று வரும். ஆகவே அது நடுச்சாம்பலுக்கு நான்கு ஸ்டாப் கீழே, ஸோன் 1இல் விழுந்திருக்கிறது. ஸோன் 1இல் உருவம் தெரியாது, இருட்டின் சாயல் மட்டுமே இருக்கும். செதுக்கல் தெரிய வேண்டிய நிழலை ஸோன் 3இல் வைக்க வேண்டும். மீட்டர் எந்த இடத்தைப் பார்த்தாலும் அதை ஸோன் 5 ஆக்கவே வழிசொல்லும் என்பதால், சிற்பத்தை அளந்து, காட்டியதிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்தால் அது ஸோன் 3. ஐஎஸ்ஓ 200 கணக்கில் இது இ.வி. 11, அதாவது 1/125, எஃப் 4. நீங்கள் கொடுத்ததைவிட மூன்று ஸ்டாப் கூடுதல். முக்காலிக்குத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டியிருக்கும். இந்த அளவில் கையிலேயே எடுத்துவிடலாம்.

400 ஃபிலிமை ஏன் 200 என்கிறேன் என்றால், கழுவும் நேரத்தைக் குறைக்கும்போது நிழலும் கொஞ்சம் இழக்கிறது. அந்த இழப்புக்கான முன்பணம் இது.

இப்போது தூணைப் பாருங்கள். 15 என்பது 11க்கு நான்கு மேலே, ஸோன் 9. வேட்டி 10ஐயும் தாண்டுகிறது. கல்லின் உளித்தடம் தெரிய வேண்டுமானால் அதை ஸோன் 7க்கு இறக்க வேண்டும். எடுக்கும்போது அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. டேங்கில் இரண்டு ஸோன் குறைத்துக் கழுவ வேண்டும்.

கடற்கரைக்கல் | வியாழன், இரவு 10.15

இரண்டு ஸோன் குறைப்பதற்கு எத்தனை நிமிடம் என்று கணக்கிட்டால், 24 டிகிரியில் 9 நிமிடம் என்பது 6 நிமிடத்துக்கு வந்துவிடுகிறது. இவ்வளவு குறுகிய நேரத்தில் சமமாகக் கழுவ முடியுமா? மேலும் 35 மி.மீ. ரோலில் 36 படங்கள். எல்லாமே வராக மண்டபமாக இருக்காதே.

இருட்டறை | வெள்ளி, காலை 7.20

5 நிமிடத்துக்குக் கீழே போனால்தான் திட்டுத்திட்டாக வரும் அபாயம் உண்டு. 6 நிமிடம் ஓரளவு பாதுகாப்பே. ஆனால் இந்த இடத்தில் கலவையை மாற்றுவது மேல். ஐடி-11ஐ 1+3 ஆக்குங்கள். ஹெச்பி5 பிளஸுக்கு 20 டிகிரியில் 20 நிமிடம்; 24இல் ஏறக்குறைய 13½; அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கழித்தால் 9½ நிமிடம். கைக்கு நேரம் கிடைக்கிறது. இன்னொரு நன்மை, டெவலப்பர் நீர்த்திருப்பதால் தூண் இருக்கும் இடத்தில் அது விரைவில் களைத்துப்போகிறது, நிழலிலோ கடைசிவரை வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்தக் களைப்பைக் கெடுக்காமல் இருக்க, ஒவ்வொரு நிமிடமும் நான்கு முறை மெல்லக் கவிழ்த்தால் போதும். விடாமல் ஆட்டிக்கொண்டே இருந்தால் கெட்டிப் பகுதிக்குப் புது டெவலப்பர் போய்ச் சேர்ந்து, நீர்த்ததன் பயன் முழுவதும் போய்விடும். ஒரு ரோலுக்கு ஸ்டாக் (தண்ணீர் கலக்காத) கரைசல் 100 மி.லி.க்குக் குறையக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. ஆகவே 300 மி.லி. டேங்கில் 1+3 வேண்டாம், பெரிய டேங்க் எடுத்துக்கொள்ளுங்கள்.

36 படங்களைப் பற்றிய கேள்விக்குப் பெரிய தந்திரம் ஏதும் இல்லை. அந்த மண்டபத்துக்கென்றே ஒரு ரோலை ஒதுக்குங்கள். ஃபிலிமின் விலை எனக்கும் தெரியும். சரிபாதி எடுத்துவிட்டு வெட்டிக் கழுவினாலும் குற்றமில்லை.

நிலாமுற்றம் | வெள்ளி, காலை 10.00

கலந்த ரோலுக்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். ரோல் முழுவதையும் ஒரு ஸோன் குறைத்தே கழுவிவிடுகிறேன். அதில் வெயில் படங்கள் கிரேடு 2இலும், மேகமூட்டப் படங்கள் 3½ அல்லது 4இலும் அச்சாகின்றன. மல்டிகிரேடு தாளில் ஒரே பெட்டிக்குள் 00 முதல் 5 வரை இருக்கும்போது, மென்மையான நெகட்டிவைக் கடினமாக்குவது எளிது. அடைத்துப்போன நெகட்டிவை மென்மையாக்குவது கடினம். கடினக் கிரேடில் மணித்தன்மை கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் என்பது உண்மை. நான் அதைப் பொறுத்துக்கொள்கிறேன்.

கொடை மேகத்திடம் ஒரு சிறு மாறுபாடு: இரண்டு ஸோன் குறைத்துக் கழுவிய நெகட்டிவில் இடைப்பட்ட சாம்பல்கள் நெருங்கிப் படிந்து, கல் களிமண்போல் ஆகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நிழலும் வெளிச்சமும் காப்பாற்றப்பட்டாலும் சிற்பத்தின் வயிற்றுக்கும் தொடைக்கும் இடையிலான மென்மையான வேறுபாடு போய்விடுகிறது. ஒரு ஸோன் மட்டும் குறைத்து, மீதியைத் தூண்களுக்கு பிரிண்டில் கூடுதல் ஒளி கொடுத்துச் சரிசெய்வதையே நான் விரும்புவேன்.

கொடை_மேகம் | வெள்ளி, பிற்பகல் 12.45

அந்தக் குறை இருப்பதை மறுக்கவில்லை. அதனால்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்று தோன்றுகிறது: காத்திருங்கள். அந்த மண்டபம் மேற்கு நோக்கியது. மாலையில் வெயில் சாய்ந்து தரையில் விழுந்து, அந்த ஒளி எழும்பி உள்ளே போகிறது. தூணின் மேல் வெயிலும் அந்நேரத்தில் மெலிந்துவிடுகிறது. ஆறு ஸ்டாப் இடைவெளி நான்காகிவிடுவதை அதே மீட்டரில் பார்த்திருக்கிறேன். நான்கு என்றால் ஸோன் 3, ஸோன் 7. எந்தக் குறைப்பும் இல்லாமல் அட்டவணைப்படி கழுவலாம்.

வேதியியல்_ஆசிரியர் | வெள்ளி, மாலை 7.10

இரண்டு தொட்டி முறையையும் இங்கே பதிந்துவைக்கிறேன், வெப்பமான ஊருக்கு அது பொருத்தமானது. முதல் கரைசல்: ஒரு லிட்டருக்கு மெட்டால் 5 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம். இரண்டாவது: ஒரு லிட்டருக்கு போராக்ஸ் 10 கிராம். ஒரு சிட்டிகை சல்ஃபைட்டை முதலில் கரைத்து, பிறகு மெட்டாலைக் கரைத்து, அதன்பின் மீதி சல்ஃபைட்டைச் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் மெட்டால் கரைய மறுக்கும். கையுறை கட்டாயம், மெட்டால் சிலருக்குத் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஃபிலிம் முதல் தொட்டியில் டெவலப்பரை உறிஞ்சிக்கொள்கிறது. இடையில் அலசாமல் இரண்டாவதற்கு மாற்றும்போது காரம் அதை முடுக்கிவிடுகிறது. வெளிச்சப் பகுதியில் உறிஞ்சியது சீக்கிரம் தீர்ந்துவிடும், நிழலில் தீராது. வெளிச்சம் தானாகவே தலை தட்டி நின்றுவிடுகிறது.

எச்சரிக்கை ஒன்று. வெப்பநிலை இதில் பொருட்டே இல்லை என்று சிலர் சொல்வது மிகை. சல்ஃபைட்டே சற்றுக் காரமானது; ஆகவே முதல் தொட்டியிலும் கழுவுதல் நடக்கிறது, அது வெப்பத்தைப் பொறுத்தே நடக்கிறது. ஆனால் ஐடி-11இல் உள்ள ஹைட்ரோகுவினோன் இதில் இல்லை. மெட்டாலைவிட வெப்பத்துக்கு அதிகம் ஆடுவது அதுதான். குளிரில் தூங்கும், சூட்டில் துள்ளும். நேரத்தை மட்டும் குறைத்து 30 டிகிரியைச் சமாளிக்க முயன்றால் கான்ட்ராஸ்டின் குணமே மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

யாழ்_ஒளி | சனி, காலை 8.15

ஃபில்ட்டர் பற்றி ஒரு கேள்வி. வானம் கறுத்து வரட்டும் என்று நான் கடற்கரையில் சிவப்பு ஃபில்ட்டரை மாட்டியே எடுப்பதுண்டு. இப்படிப்பட்ட மண்டபத்தில் அது உதவுமா, கெடுக்குமா?

கொடை_மேகம் | சனி, காலை 9.40

கெடுக்கும். வெயிலின் நிழலில் இருக்கும் பொருளுக்கு வெளிச்சம் கொடுப்பது பெரும்பாலும் நீல வானம். சிவப்பு ஃபில்ட்டர் வானத்தின் நீலத்தை மட்டுமல்லாமல் நிழலுக்குள் வந்துசேரும் அந்த நீல ஒளியையும் வெட்டுகிறது. ஆகவே மூன்று ஸ்டாப் ஈடு கொடுத்த பிறகும் நிழல் கூடுதலாக இருண்டே வரும். வெயிலில் நிற்கும் கடற்கரைக் கோயிலுக்கு வானம் கறுக்க வேண்டுமானால் ஒரு ஸ்டாப் கேட்கும் மஞ்சளோ, இரண்டு ஸ்டாப் கேட்கும் ஆரஞ்சோ போதும். கோடையில் கடலோர வானம் பால்போல் வெளுத்திருக்கும்போது எந்த ஃபில்ட்டரும் அதைக் கறுப்பாக்காது, அதில் நீலமே இல்லை. மழைக்காலம் ஓய்ந்த தை மாதத்தில் சென்று பாருங்கள். முகங்களை எடுக்கும்போதும் கவனம் தேவை: சிவப்பு நம் தோலை வெளுப்பாக்கி உதட்டின் விளிம்பை அழித்துவிடும்.

கடற்கரைக்கல் | 19 நாள்களுக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 9.00

இரண்டு ரோல்களோடு மீண்டும் சென்றுவந்தேன். ஸ்பாட் மீட்டரை இரவல் வாங்கிக்கொண்டேன். பிற்பகல் ஒன்றரை மணிக்கு ஒரு ரோல்: சிற்பத்தின் நிழலை ஸோன் 3இல் வைத்து 1/125, எஃப் 4. ஐடி-11 1+3, தொட்டித் தண்ணீரில் 24 டிகிரி, 9½ நிமிடம். கொட்டியபோதும் அளந்தேன், 24½. மாலை ஐந்து மணிக்கு இன்னொரு ரோல்: இடைவெளி நான்கரை ஸ்டாப். அக்கா சொன்னபடி, கண்டென்சர் என்பதால் ஒரு ஸோன் குறைத்து 11 நிமிடம்.

முதல் ரோலைக் கம்பியில் தொங்கவிட்டபோது மிகவும் மெலிந்திருப்பதாக நினைத்துப் பயந்துவிட்டேன். காய்ந்த பிறகு செய்தித்தாளின் மேல் வைத்தால் தூண் வழியாக எழுத்தைப் படிக்க முடிகிறது. சிற்பத்தின் இடத்தில் பூதேவியின் முகமும் வராகரின் கை தேவியின் கால்களைத் தாங்கியிருக்கும் இடமும் தெரிகின்றன. அச்சில் கிரேடு 2½ எடுத்துக்கொண்டது. அக்கா அஞ்சியது நடந்திருக்கிறது: உடலின் வளைவுகள் கொஞ்சம் தட்டையாக இருக்கின்றன. மாலை ரோல் கிரேடு 2இலேயே வந்துவிட்டது, கல் கல்லாகவே இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்தால் எனக்கு மாலைப் படமே பிடிக்கிறது. ஆனால் நண்பகலின் கடுமை முதலாவதில்தான் இருக்கிறது, அதையும் விட மனமில்லை.

ஒரு குறை மிஞ்சியிருக்கிறது. இரண்டு ரோல்களிலும் வானம் வரும் படங்களில், ஃபிலிமின் ஓரத் துளைகளுக்கு நேராகச் சற்றுக் கறுத்த கோடுகள் இறங்குகின்றன. பிரிண்டில் அவை வெளிறிய பட்டைகளாகத் தெரிகின்றன.

இருட்டறை | திங்கள், காலை 6.45

அது கவிழ்க்கும் வேகத்தால் வருவது, தம்பி. டெவலப்பர் துளைகள் வழியாகப் பாய்ந்து அந்த வரிசையை மட்டும் கூடுதலாகக் கழுவியிருக்கிறது. டேங்கைக் குலுக்காமல், கடிகாரத்தைப் பார்த்து, ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்த இரண்டரை விநாடி எடுத்துக்கொள்ளுங்கள்; நான்கு முறைக்குப் பத்து விநாடி. ஒவ்வொரு முறையும் டேங்கை உள்ளங்கையில் கால்திருப்பு திருப்பிக்கொள்ளுங்கள், பாய்ச்சல் ஒரே இடத்தில் விழாது. டேங்கில் ரீல் முழுகும் அளவுக்கு மேல் விரற்கடை உயரம் கரைசல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பூதேவியின் முகம் வந்த அந்த முதல் ரோலிலிருந்து ஒரு பிரிண்டைக் கிரேடு 3இல், தூண்களுக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஒளி கொடுத்து, போட்டுப் பாருங்கள். வளைவுகள் கொஞ்சம் திரும்பிவரும்.

கடற்கரைக்கல் | திங்கள், இரவு 10.20

போட்டேன் ஐயா. தூண்களுக்கு அட்டையில் ஓட்டை வெட்டி 6 விநாடி கூடுதலாகக் கொடுத்தேன். தட்டையாக இருந்த தோளும் தொடையும் பிரிந்து நிற்கின்றன. இடப்பக்கத் தூணின் சிங்கத்துக்கு இன்னும் 2 விநாடி வேண்டும். நாளை மறுபடி போடுகிறேன்.